14 வயது மகளுக்குப் பஞ்சிங் பேக்: எவ்வளவு எடை, உள்ளே எது, எங்கே மாட்டுவது?

கேள்வி: என் மகளுக்கு வயது 14. உயரம் 156 செ.மீ., எடை 46 கிலோ. நான்கு மாதமாகக் கிக்பாக்ஸிங் வகுப்புக்குப் போகிறாள், வாரம் இரண்டு நாள். வீட்டிலும் பயிற்சி செய்ய ஒரு பஞ்சிங் பேக் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வளர்கிற பிள்ளை, நாலைந்து வருஷம் வரட்டும் என்று 40 கிலோ பையாகவே வாங்கிவிடலாமா? கடையில் வாங்குவானேன், கேன்வாஸ் பையில் மணலை நிரப்பித் தொங்கவிட்டால் போதாதா என்கிறார் என் கணவர். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கூரை காங்கிரீட். வீட்டில் ஏழு வயதுப் பையனும் இருக்கிறான். இன்னொன்று: மகளுக்குச் சட்டென்று கோபம் வரும். அதைப் பையைக் குத்தித் தீர்த்துக்கொண்டால் நல்லதுதானே?

பதில்: 40 கிலோ வேண்டாம். இப்போது உங்கள் மகளுக்குத் தேவை 20 முதல் 25 கிலோ. தொங்கவிடும் பையின் எடை, குத்துகிறவரின் எடையில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும் என்பது பயிற்சிக்கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. 46 கிலோவில் பாதி 23. இந்தக் கணக்கு எதற்காக என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் எதைச் சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

குத்து விழும்போது பை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் அடியின் வேகம் பைக்குள் கரைகிறது. பை அசையவே இல்லையென்றால் அந்த வேகம் முழுவதும் திரும்பி வந்து விரல் முட்டியிலும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும். நாற்பது கிலோ பை 80 கிலோ ஆளுக்குச் சரி. 46 கிலோப் பெண்ணுக்கு அது சுவர்தான். மாறாக 10 கிலோப் பை வாங்கினால் ஒவ்வொரு குத்துக்கும் ஊஞ்சல் மாதிரி ஆடும். அவள் அதன் பின்னால் ஓடுவாள், ஆடி வரும் பையைத் தள்ளப் பழகுவாள். குத்துக்குப் பதிலாகத் தள்ளு கையில் படிந்துவிட்டால் பிறகு வகுப்பில் திருத்துவது பெரும்பாடு.

வயதையும் பார்க்க வேண்டும். 14 வயதில் மணிக்கட்டை ஒட்டிய எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. எலும்பு நீளமாவது அந்தக் குருத்தெலும்புப் பட்டையிலிருந்துதான், அதுவே எலும்பின் மென்மையான இடமும்கூட. கைகளில் உடல் பாரத்தைத் தாங்கும் இளம் ஜிம்னாஸ்டுகளுக்கு அந்த இடத்தில் தேய்மானக் காயம் வருவது விளையாட்டு மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அதனால் எடையா, நிரப்புப் பொருளின் கடினமா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் வளரும் பிள்ளைக்கு மென்மையான, இலேசான பக்கமே சாயுங்கள்.

“நாலைந்து வருஷம் வரட்டும்” என்ற உங்கள் எண்ணத்துக்கும் வழி இருக்கிறது. உறையை நாளைய அளவுக்கு வாங்குங்கள், எடையை இன்றைய அளவுக்கு வையுங்கள். 100 செ.மீ. நீளம், 35 செ.மீ. விட்டம் கொண்ட, நிரப்பாத உறை வாங்குங்கள். உட்புறம் இரண்டு செ.மீ. தடிமனில் ஃபோம் தைத்திருக்க வேண்டும். ஃபோம் போக உள்ளே சுமார் 75 லிட்டர் இடம் கிடைக்கும். அதில் துணியை மிதமாக அடைத்தால் 22, 23 கிலோ வரும். அவள் 60 கிலோ ஆனதும் அதே உறையைத் திறந்து, துணியை இன்னும் இறுக்கி அடைத்தால் 30 கிலோ வரை ஏற்றலாம்.

மணல் யோசனையை உங்கள் கணவர் கைவிட்டுவிடட்டும். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். 75 லிட்டர் உறையை மணலால் நிரப்பினால் 110 கிலோவைத் தாண்டும். சரி, 23 கிலோ மணல் மட்டும் போடுகிறோம் என்றால் அது அடியில் 15 லிட்டர் அளவுக்குக் குந்திக்கொள்ளும், மேலே எல்லாம் காலியாக இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் மணல் இன்னும் கீழே இறங்கி இறுகும். சில வாரத்தில் பையின் கீழ்ப்பகுதி கல். கிக்பாக்ஸிங் பழகும் பெண் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் காலை வீசுவாள். பாதத்தின் மேல்புறச் சிறு எலும்புகளுக்கு அது தாங்காது. மரத்தூள், உமி போன்றவையும் இப்படித்தான் படியும். கூடவே ஈரத்தை உறிஞ்சும்.

பழைய பருத்தித் துணியை மிஞ்சிய நிரப்புப் பொருள் இல்லை. புடவை, வேட்டி, படுக்கை விரிப்பு, டி-ஷர்ட் எதுவானாலும் உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முழுத் துணியைச் சுருட்டித் திணித்தால் இடையில் பொந்து விழும், பிறகு அங்கே பை மடங்கும். பொத்தான், ஜிப், கொக்கி, உலோக ஊசி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெட்டும்போதே தடவிப் பாருங்கள். துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். லேசான ஈரம் இருந்தாலும் ஒரு மாதத்தில் பூசண வாடை வரும், அதன் பிறகு எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும். உறைக்குள் ஒரு சாண் உயரத்துக்குத் துணி போட்டதும், முனை மழுங்கிய ஒரு மரக்கட்டையால் நடுவிலும் ஓரத்திலும் சமமாகக் குத்தி இறக்குங்கள். அடுத்த அடுக்கு, மறுபடி குத்து. ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் குத்தினால் பை பீப்பாய் போல உப்பும். இப்படிச் செய்து முடிக்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். குளியலறை எடைமேடையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துணி படிந்து மேலே நாலு விரல் இடம் காலியாகும். அது குறையில்லை, ஜிப்பைத் திறந்து நிரப்பிவிடுங்கள்.

நிரப்பிய பையே வாங்குவதானால் கடையில் முஷ்டியை வைத்து மூன்று இடத்தில் அழுத்துங்கள்: மேலே, நடுவே, அடியில். மூன்றும் ஒரே மாதிரி இரண்டு செ.மீ. அளவுக்கு உள்வாங்க வேண்டும். அடி மட்டும் கெட்டி என்றால் உள்ளே மணல் இறங்கியிருக்கிறது. நடு தொளதொள என்றால் சரியாக அடைக்கவில்லை. வெளி உறை தரமான செயற்கைத் தோல் போதும், வழவழப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான கேன்வாஸ் தோலை உரசி எடுக்கும். குத்து விழும் பகுதியில் குறுக்குத் தையல் வேண்டாம். மேலே நான்கு வளையங்கள் இருக்க வேண்டும், அவற்றைப் பிடிக்கும் பட்டைகள் உறையில் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை தைக்கப்பட்டிருக்க வேண்டும். பை அறுந்து விழுந்தால் முக்கால்வாசி அங்கேதான் அறும்.

ஸ்பீடு பால் (வேகமாகத் தட்டும் சிறு பந்து), மேலும் கீழும் ரப்பர் கயிற்றில் கட்டிய பந்து, காற்றடைத்த பொம்மைப் பை ஆகியவை முதல் பையாக உதவாது. முதல் இரண்டும் கண்ணுக்கும் கைக்கும் தாளம் பழக்குபவை. குத்தின் வடிவம் கைவந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இனி மாட்டும் வேலை. வீட்டில் பையால் வரும் விபத்துகளுக்கு இதுதான் வாசல் என்பதால் நிதானமாகப் படியுங்கள். முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: “கூரையில் நான்கு துளை, போகும்போது அடைத்துத் தருகிறோம்” என்று அளவு சொல்லிக் கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள். மின்விசிறிக் கொக்கியில் மாட்டலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கூடாது. சில கிலோ எடையுள்ள விசிறி ஒரே இடத்தில் சுற்றுவதற்காக வைத்த கொக்கி அது. பையோ நாலா பக்கமும் இழுக்கும், மேலே துள்ளி ‘தொம்’ என்று இறங்கும். அந்தக் கணத்தில் கொக்கி தாங்கும் பாரம் பையின் எடையைப்போலச் சில மடங்கு. பக்கத்திலேயே மின்கம்பியும் இருக்கிறது.

நான்கு போல்ட் போடும் இரும்புத் தகடு வாங்குங்கள். அதில் குறித்திருக்கும் தாங்குதிறன் பையின் எடையைப்போல நான்கு மடங்காவது இருக்கட்டும், உங்கள் பைக்கு 100 கிலோ. துளைக்குள் விரிந்து பிடிக்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்கள் நான்கு, காங்கிரீட்டுக்குள் குறைந்தது 60 மி.மீ. இறங்க வேண்டும். பூச்சின் தடிமனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சு எதையும் தாங்காது, போல்ட்டின் பிடி அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது. துளையிடும்போது தூள் வெளுப்பாக, மாவாக உதிர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் பூச்சில்தான் இருக்கிறீர்கள். டிரில் ‘ணங்’ என்று நின்றால் அது காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி. இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், கம்பியை அறுக்க முயலாதீர்கள். விளக்குக்கும் விசிறிக்கும் சுவிட்சுக்கும் நடுவே கூரைக்குள் மின்குழாய் போயிருக்கும், அந்த நேர்கோடுகளைத் தவிர்க்க வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் ஆங்கரை அடித்தால் அது விரியாது, பிடிக்காது. இந்தத் தவறைத்தான் அவசர வேலைக்காரர்கள் அதிகம் செய்கிறார்கள். உள்ளே முறுக்கிய இரும்பு வடம் பாயும் போஸ்ட் டென்ஷன் கூரையாகவோ உள்ளே பொந்துள்ள பலகையாகவோ இருந்தால் துளையிடவே கூடாது. அடுக்குமாடி என்றால் கட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

தகட்டுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே சுற்றுகிற சுவிவல், பிறகு சங்கிலி, கடைசியில் திருகுப் பூட்டுள்ள காரபைனர் என்னும் கொக்கி வளையம். ஸ்பிரிங் இருந்தால் அதிர்வு கூரைக்கு ஏறுவது குறையும். மேல்வீட்டுக்காரர் இருந்தால் இது அவசியம். சுவிவல் இல்லையென்றால் சங்கிலி முறுக்கிக்கொண்டு ஒரு கண்ணி மெல்லத் தேயும். காரபைனருக்குப் பதில் ‘எஸ்’ கொக்கி போடாதீர்கள். பை துள்ளும்போது அது கழன்றுவிடும். முதல் வாரம் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். சங்கிலிக் கண்ணியில் பளபளப்பான பள்ளம் தெரிந்தால் சங்கிலியையே மாற்றிவிடுங்கள்.

உயரக் கணக்கு இது. 156 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குப் பையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 165 செ.மீ., அடி 65 செ.மீ.யில் நின்றால் நடுப்பகுதி அவள் நெஞ்சுக்கு நேராக வரும். தன் முகத்துக்கு நேராக அவள் விடும் குத்து, பையின் மேல்விளிம்பில் வழுக்காமல் துணி நிறைந்த பகுதியில் விழும். கூரை உயரத்திலிருந்து 165ஐக் கழித்தால் வருவது சங்கிலி, ஸ்பிரிங், பட்டை எல்லாம் சேர்ந்த நீளம். அவள் வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலான உதைகளுக்கு இந்தப் பை போதும். தொடைக்குக் கீழான உதையை வகுப்பிலேயே பழகட்டும். அதற்கு 150 செ.மீ.க்கு மேலான நீளப் பை வேண்டும், வீட்டில் அதற்கு இடமிராது. பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர் இருந்தால் சுற்றி வந்து பயிலலாம். அறை சின்னது என்றால் பையின் பின்பக்கம் மட்டும் 60 செ.மீ. விட்டு, முன்னால் அரைவட்டத்தில் நகரட்டும்.

வீட்டுக்காரர் மறுத்துவிட்டால் தரையில் நிற்கும் பைதான். அது குறைந்த பை இல்லை, வேறு சுபாவமுள்ள பை. அடித்தொட்டியின் கொள்ளளவைப் பாருங்கள், 70 லிட்டராவது இருக்கட்டும். தண்ணீர் நிரப்பினால் 70 கிலோ, மணல் நிரப்பினால் 100 கிலோவைத் தாண்டும். முதலில் மணலை நிரப்பி, பிறகு மணல் மணிகளுக்கு நடுவில் இறங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கனக்கும், உள்ளே சரசரக்கும் சத்தமும் அடங்கும். ஆனால் ஒருமுறை மணல் போட்டால் வீடு மாற்றும்போது அதை வெளியே எடுப்பது அரைநாள் வேலை. 46 கிலோப் பெண்ணின் அடிக்குத் தண்ணீரிலேயே தொடங்குங்கள், பை நகர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் மணலுக்குப் போங்கள். மூடியைச் சுற்றி இரண்டு நாள் துணி வைத்துக் கசிவு பாருங்கள். கீழே 15 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் மேட் போட்டால் வழுக்கலும் கீழ்வீட்டுக்குப் போகும் சத்தமும் குறையும். முதலில் கெடுவது தண்டும் தொட்டியும் சேரும் கழுத்துப் பகுதி. வாங்கும்போது பையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் ‘லொடக்’ என்று ஆடினால் வேண்டாம். வாங்கியபின் அங்கே வெடிப்பு தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தொட்டியின் விளிம்பு பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் உதைக்கும்போது நிற்கும் காலின் விரல்கள் இடிபடும். அடியில் ஒரு டேப் ஒட்டி எல்லைக்கோடு காட்டுங்கள்.

பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துக் கையுறைக்கு வைத்துவிடுங்கள். அவளுக்கு 10 அல்லது 12 அவுன்ஸ் கிளவுஸ், இரண்டில் ஐயம் வந்தால் 12. தானே மாட்டிக் கழற்ற வெல்க்ரோ பட்டை இருக்கட்டும். மணிக்கட்டுப் பகுதி நீளமாகவும் விறைப்பாகவும் இருப்பதே நல்ல கிளவுஸுக்கு அடையாளம். கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். விரல் நுனி உள்ளே லேசாகத் தொட வேண்டும், முஷ்டி முழுதாக மூட வேண்டும். கைப்பட்டை ஐந்து செ.மீ. அகலம், மூன்று மீட்டர் நீளம் அவள் கைக்குப் போதும். நாலரை மீட்டர் பட்டை பெரிய கைகளுக்கானது, சின்னக் கையில் சுற்றினால் கிளவுஸுக்குள் நுழையாது. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக ஊடு, கட்டைவிரலை ஒரு சுற்று, மீதியை மணிக்கட்டில் முடி. சுற்றும்போது விரல்கள் விரிந்திருக்க வேண்டும். முஷ்டியை மூடினால் இறுக்கம், திறந்தால் தளர்வு என்றிருந்தால் சரி. விரல் மரத்துப்போனால் அவிழ்த்து மறுபடி சுற்றட்டும். ஒரு நிமிஷம்தானே என்று வெறுங்கையால் குத்துவதை முதல் நாளிலிருந்தே அனுமதிக்காதீர்கள்.

முதல் நான்கு வாரம் முழு பலத்தில் பாதி போதும். வாரம் மூன்று நாள், வகுப்பு நாளையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஐந்து நிமிஷம் கயிறு தாண்டி, தோளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கியபின், இரண்டு நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் ஓய்வு என்று நான்கு ரவுண்டு. இந்த ஒரு மாதம் நேர்க்குத்துகள் மட்டும்: முன்னால் இருக்கும் கையால் விடும் ஜாப், பின்னால் இருக்கும் கையால் விடும் கிராஸ். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகள்தான் பையில் பட வேண்டும். முன்கையும் முஷ்டியும் ஒரே நேர்கோட்டில், கட்டைவிரல் விரல்களுக்கு வெளியே மடிந்து. சரியான குத்து ‘டப்’ என்று சுருக்கமாகக் கேட்கும், கை போன வேகத்தில் திரும்பும். மந்தமாக ‘தொப்’ என்று கேட்டு, பை தூரம் போய் ஆடினால் அவள் தள்ளுகிறாள். பக்கவாட்டில் வீசும் ஹூக் குத்தைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டில் போடட்டும். தப்பாக வீசிய ஹூக் சுண்டுவிரல் முட்டியில் போய் விழும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து அப்படித்தான் முறிகிறது, அதற்குப் பெயரே ‘பாக்ஸர் எலும்பு முறிவு’.

தசை வலி இரண்டு நாளில் போய்விடும். மணிக்கட்டை ஒட்டிய எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, வீக்கம், முஷ்டி மடக்கும்போது ஒரு விரல் மற்றொன்றின் மேல் சாய்வது, கட்டைவிரலடிக் குழியில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரலடிக் குழியின் கீழிருக்கும் சிறு எலும்பில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. வலி தொடர்ந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள், தட்டாமல் போங்கள்.

பையன் விஷயம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொங்கும் எதுவும் ஊஞ்சல்தான். அவன் தொங்கினால் கொக்கியில் பாரம் இரட்டிப்பாகும். அக்கா குத்தும்போது பின்னால் போய் நின்றால் 23 கிலோ அவன் முகத்துக்கு நேராக வரும். பயிற்சி நேரத்தில் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். முடிந்ததும் பையைக் கழற்றி மூலையில் நிறுத்திவிடுங்கள், காரபைனர் இருப்பதால் இரண்டு பேர் சேர்ந்தால் அரை நிமிஷ வேலை. சங்கிலியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். கழுத்தில் மாட்டும் உயரத்தில் எந்தக் கயிறும் தொங்கக் கூடாது.

கோபம் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். பையைக் குத்தினால் கோபம் வடியும் என்பது எல்லாரும் நம்புவது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தியவர்கள்தான் கடைசியில் மிக அதிகக் கோபத்தோடும் முரட்டுத்தனத்தோடும் இருந்தார்கள். உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியவர்களின் கோபம் அவர்களைவிடக் குறைவு. குத்தாமல் இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று குழுவிலும் குறைந்த முரட்டுத்தனம் காட்டினார்கள். ஆகவே “போய்ப் பையில் காட்டு” என்று அவளிடம் சொல்லாதீர்கள். கோபத்தில் குத்துகிறவர்கள் பட்டையும் கட்டுவதில்லை, மணிக்கட்டையும் கவனிப்பதில்லை. கை முறிவதும் அப்போதுதான்.

பையே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவர் அமைப்புகள் 2011-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் சிறுவர்கள் குத்துச்சண்டையில் இறங்குவதை எதிர்த்ததற்குக் காரணம் தலையில் விழும் அடி. பைப் பயிற்சியில் அந்த அடி இல்லை. மூச்சும் கால் நகர்வும் தோள் பலமும் தன் உடம்பின் மேல் ஒரு நம்பிக்கையும் கிடைக்கும், அவள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். நேரத்தை டைமர் சொல்லட்டும், எண்ணிக்கையை அவள் வாய்விட்டுச் சொல்லட்டும்: ஜாப், ஜாப், கிராஸ், ஒன்று, ஜாப், ஜாப், கிராஸ், இரண்டு. எண்ணுகிற மனம் சண்டையை அசைபோட முடியாது. முகம் சிவந்து அவள் அறைக்குள் நுழைகிற நாளில் முதல் பத்து நிமிஷம் கயிறு மட்டும் தாண்டட்டும். அதன் பிறகு பட்டையைப் பொறுமையாகச் சுற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அன்று பை, இல்லையென்றால் அன்றைக்குப் பை இல்லை.